யூரியாவில் எழும் பச்சை

குறுவை நட்டுப் பயிர் வேர்பிடித்து மேலுரம் போடும் நாட்களில், தஞ்சைச் சீமையில் எந்த வீட்டுத் திண்ணையைப் பார்த்தாலும் யூரியா மூட்டை கிடக்கும். 45 கிலோ மூட்டை. அதில் 46 விழுக்காடு தழைச்சத்து. உழவருக்கு அது பயிரைக் கரும்பச்சையாக்கும் உரம். இயற்பியல் ஆய்வகத்துக்காரருக்கு அது வேறொரு பச்சையின் ஊற்று. வேப்பெண்ணெய் பூசாத தூய யூரியாவைப் பொடியாக்கி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்து, இருட்டறையில் அதன்மேல் நியோடிமியம் லேசரின் துடிப்பைப் பாய்ச்சுவார்கள். பாய்வது 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. பொடியிலிருந்து வெளிவருவதோ நல்ல பச்சை, 532 நானோமீட்டர். சரிபாதி அலைநீளம். அதாவது, அதிர்வெண் இரண்டு மடங்கு.

பக்கத்திலேயே வேதாரண்யத்து உப்பை அதே போலப் பொடித்து வைத்தால் ஒன்றும் நிகழாது. அதே லேசர், அதே வெண்மை, அதே நேர்த்தியான படிகங்கள். உப்பு இருட்டாகவே இருக்கும்.

இரண்டும் டெல்டாவின் பொருட்கள். ஒன்று வயலுக்குப் போவது, மற்றது அளத்திலிருந்து வருவது. இந்த வேறுபாடு எதனால் என்று கேட்டுக்கொண்டே போனால், மூலக்கூறுகள் மின்புலத்துக்கு எப்படி மறுமொழி தருகின்றன என்ற கேள்வியின் அடிமடி வரை போய்விடலாம். அந்த வழியில் திருவானைக்காவில் பிறந்த ஒருவரும் வத்திராயிருப்பில் பிறந்த ஒருவரும் 1927-லேயே நடந்திருக்கிறார்கள்.

ஒளி என்பது விரைந்து திசைமாறும் மின்புலம். அது ஒரு மூலக்கூறின்மேல் படும்போது எலெக்ட்ரான்கள் ஒரு பக்கம் இழுபடுகின்றன. அணுக்கருக்கள் கனமானவை, ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கின்றன. இந்த இழுபாட்டைத்தான் முனைவாக்கம் என்கிறோம். இதை நினைத்துப் பார்க்கத் தஞ்சாவூர்ப் பொம்மையைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. உருண்டை அடியும் அடியில் கனமும் கொண்ட பொம்மை. விரலால் மெல்லத் தள்ளினால் கொஞ்சம் சாயும். இரு மடங்கு விசையில் தள்ளினால் இரு மடங்கு சாயும். விசைக்கும் சாய்வுக்கும் உள்ள இந்த நேர்விகித உறவே நேரியல் மறுமொழி. கண்ணாடியில் ஒளி வளைவது, வாய்க்கால் நீரில் கோல் முறிந்து தெரிவது, வானவில் எல்லாமே இந்தக் கணக்குக்குள் அடங்கும். நம் பள்ளி ஒளியியல் முழுக்க இதுதான்.

பொம்மையை ஓங்கித் தள்ளினால் கணக்கு பிசகும். மும்மடங்கு விசைக்குச் சாய்வு மும்மடங்காக இருக்காது. மூலக்கூறுகளிலும் அப்படித்தான். ஆனால் எலெக்ட்ரானை ஓங்கித் தள்ளுவது எளிதில்லை. ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 50,000 கோடி வோல்ட். சித்திரை மாத நண்பகல் வெயிலின் மின்புலமோ மீட்டருக்கு 900 வோல்ட்டுக்குள்தான். 55 கோடியில் ஒரு பங்கு. அந்தச் சிறு தொடுகையில் எந்தப் பொம்மையும் நேர்விகிதமாகத்தான் சாயும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதர் கண்ட ஒளியெல்லாம் இந்த மெல்லிய தொடுகைதான். லேசர் துடிப்பைக் குவித்து, சதுர சென்டிமீட்டருக்குப் 10 கோடி வாட் என்ற செறிவுக்குக் கொண்டுவந்தால் மின்புலம் மீட்டருக்கு 2 கோடியே 70 லட்சம் வோல்ட்டைத் தொடும். அணுவின் பிடியோடு ஒப்பிட்டால் இதுவும் 18,000-ல் ஒரு பங்குதான். ஆனாலும் கணக்கில் விழும் பிசகை அளக்க இது போதும்.

அந்தப் பிசகுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முனைவாக்கத்தைப் பல உறுப்புகளின் கூட்டலாக எழுதலாம்: முதல் உறுப்பு மின்புலத்தின் நேர்விகிதத்தில் வரும், இரண்டாவது மின்புலத்தின் இருபடியில், மூன்றாவது முப்படியில். இரண்டாவதை மட்டும் இப்போது எடுத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் ஆடும் ஒரு புலத்தை இருபடியாக்கினால் முன்போக்கும் பின்போக்கும் ஒரே குறியைப் பெற்றுவிடும். ஒரு முழு ஆட்டத்துக்குள் இருமுறை உச்சம் வரும். ஆகவே அதிர்வெண் இரட்டிக்கும். அகச்சிவப்பு பச்சையாவது இதனால்தான். இதை இரண்டாம் சீரிசை என்கிறார்கள். இசைக்காரர் சொல்லில் மேல் ஸட்ஜம். விழும் ஒளியின் செறிவை இரட்டித்தால் பச்சையின் செறிவு நான்கு மடங்காகும் என்பதும் அதே இருபடியின் விளைவு.

உப்பின் சிக்கலும் இதே இடத்தில்தான். பொம்மையின் கனம் சரியாக நடுவில் இருந்தால், ஓங்கித் தள்ளும்போது இடப்பக்கம் எவ்வளவு பிசகுமோ அதே அளவு வலப்பக்கமும் பிசகும். புலத்தின் திசையைத் திருப்பினால் மறுமொழியும் அளவு மாறாமல் திரும்ப வேண்டும். இருபடி உறுப்பு இந்த விதிக்குக் கட்டுப்படாது; புலத்தைத் திருப்பினாலும் அது திரும்பாது. ஆகவே அதன் கெழு சுழியாகத்தான் இருக்க முடியும். உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின்கள்: மேலே ஒன்று, நேர் எதிரே கீழே ஒன்று, இப்படியே மற்ற இரு திசைகளிலும். எந்தத் திசையில் போனாலும் எதிர்த்திசையில் அச்சொட்டாக அதே காட்சி. சமச்சீர் மையம் உள்ள இந்த அடுக்கில் லேசரை எவ்வளவு கூட்டினாலும் படிகத்தின் உள்ளிருந்து இருபடி விளைவு எழாது. உப்பின் இருட்டு அதன் முழுமையான சமச்சீரின் விளைவு.

யூரியாவின் கனம் ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது. மூலக்கூறின் ஒரு முனையில் ஆக்சிஜன், எலெக்ட்ரானைப் பிடித்து இழுப்பது. மறுமுனையில் இரண்டு அமினோ குழுக்கள், எலெக்ட்ரானைத் தாராளமாக விட்டுக்கொடுப்பவை. ஆக்சிஜனை நோக்கி மின்னூட்டம் நகர்வதும் அங்கிருந்து திரும்புவதும் ஒரே அளவு எளிதல்ல. ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குறுக்கமாகவும் போகும் அந்தக் கோணல் ஆட்டத்தில் இரட்டை அதிர்வெண்ணும் கலந்திருக்கும்.

ஆனால் தனி மூலக்கூறு கோணலாக இருந்தால் மட்டும் போதாது. இந்தத் துறையில் இறங்கியவர்கள் கசப்போடு கற்ற பாடம் இது. பாரா-நைட்ரோஅனிலின் என்றொரு மூலக்கூறு. ஒரு முனையில் அமினோ, மறுமுனையில் நைட்ரோ, நடுவே எலெக்ட்ரான் ஓடப் பென்சீன் வளையம். யூரியாவைவிடப் பல மடங்கு கோணலான மறுமொழி தருவது. அதைப் படிகமாக்கிப் பார்த்தால் பச்சையே எழாது. இருமுனையுள்ள மூலக்கூறுகள் தலைக்கு வால், வாலுக்குத் தலையாக இணைசேர்ந்து, ஒன்றின் கோணலை மற்றது அழித்துவிடுகின்றன. வளையத்தில் ஒரே ஒரு மெத்தில் குழுவைச் சேர்த்ததும் அடுக்கு மாறிப்போய், மறைந்திருந்த ஆற்றல் வெளிப்பட்டது. மூலக்கூறில் வந்த மாற்றம் சிறியது. அடுக்கில் வந்த மாற்றமே எல்லாவற்றையும் செய்தது.

யூரியாவின் அடுக்கு இதைவிட நுட்பமானது. மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துச் சங்கிலியாக நிற்கின்றன. அடுத்தடுத்த சங்கிலிகள் எதிரெதிர்த் திசையை நோக்கியவை. அப்படியானால் எல்லாம் ரத்தாகி உப்பு போலவே இருட்டாக வேண்டுமே? ஆகாததற்குக் காரணம், பக்கத்துச் சங்கிலி தலைகீழாகப் புரண்டதோடு 90 பாகை திரும்பியும் நிற்பதுதான். புரட்டல் கழித்ததில் ஒரு பகுதியைத் திருகல் காப்பாற்றிவிடுகிறது. நிகர இருமுனை சுழி; ஆனால் சமச்சீர் மையம் கிடையாது. நான் படித்த படிக அமைப்புகளில் என்னை மிகவும் நிறுத்தி வைத்தது இதுதான்.

பொடியை வைத்துச் சோதிக்கும் எளிய முறையைக் கர்ட்ஸ், பெர்ரி என்ற இருவர் 1968-ல் வகுத்தார்கள். பெரிய படிகம் வளர்க்கத் தேவையில்லை, பொடி போதும். புதிய பொருளின் பச்சையை ஒப்பிட்டுச் சொல்ல யூரியாவையோ கே.டி.பி. எனப்படும் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டையோ அளவுகோலாக வைப்பது வழக்கமாயிற்று. அந்த கே.டி.பி.யும் நமக்கு அந்நியமில்லை. உரக்கடையில் 0-52-34 என்று கேட்டால், இலைவழித் தெளிப்புக்கு நீரில் கரையும் பொடியாகத் தருவார்களே, வேதிப்பொருளாக அது இதேதான். அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு நிலையத்தில் அணுக்கருப் பிணைவு ஆய்வுக்காக லேசரின் நிறத்தை மாற்றும் தகடுகளை வெட்டியெடுப்பதற்கு 300 கிலோவைத் தாண்டிய ஒற்றைப் படிகங்களாக வளர்த்ததும் இதையே.

தமிழ்நாட்டில் இந்தப் படிக வேலைக்கு ஒரு மரபே உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையமும் அங்கிருந்து கிளைத்தவர்களும் நூற்றுக்கணக்கான கல்லூரி ஆய்வகங்களில் இதை விதைத்தார்கள். கரைசலிலிருந்து ஒரே திசையில் நீண்ட படிகம் வளர்க்க கே. சங்கரநாராயணனும் பி. ராமசாமியும் 2005-ல் வெளியிட்ட முறை உலக இலக்கியத்தில் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. பெரிய கருவிகள் இல்லாத கல்லூரியிலும் ஒரு முகவையும் நிலையான வெப்பமும் பொறுமையும் இருந்தால் ஆய்வு செய்யலாம் என்ற வாய்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். அதனாலேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமினோ அமில உப்புகளில் புதிய படிகம் கண்டதாக உலகெங்கும் வந்த கட்டுரைகள் பலவற்றை மிஷேல் ஃப்ளெக்கும் ஏ. எம். பெட்ரோசியானும் 2010-ல் மறு ஆய்வு செய்தபோது, புதியதென்று சொல்லப்பட்ட சில, கரைத்த பழைய பொருளே திரும்பப் படிந்தவை என்று தெரியவந்தது. சமச்சீர் மையம் உள்ள படிகம் பச்சை தந்தது என்று யாராவது எழுதினால், படிகமோ அளவீடோ ஏதோ ஒன்று தவறு. வளர்த்த படிகத்தின் அணு அமைப்பை முதலில் உறுதி செய்யாமல் லேசர் முன் வைப்பது, விதை இன்னதென்று பார்க்காமல் நாற்றங்கால் விடுவதுதான்.

கோணலான அடுக்கு கிடைத்த பிறகும் ஒரு தடை உண்டு. திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்த ஆயிரம் பேரும் ஒரே குரலுக்கு ஒரே நொடியில் இழுத்தால்தான் தேர் அசையும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வடம்தான் தளர்ந்து இறுகும். படிகத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் புதிய பச்சை பிறக்கிறது. ஆனால் பச்சைக்கும் அகச்சிவப்புக்கும் படிகத்துக்குள் வேகம் வேறு. சற்றுத் தொலைவு போவதற்குள் முன்னே பிறந்த பச்சையும் பின்னே பிறந்த பச்சையும் தாளம் தப்பி ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும். 1961-ல் பீட்டர் ஃபிராங்கனும் கூட்டாளிகளும் ரூபி லேசரின் 694.3 நானோமீட்டர் சிவப்பைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி 347.2 நானோமீட்டர் புறஊதாவைக் கண்டபோது, அது ஒளிப்படத் தகட்டில் ஒரு சிறு புள்ளி அளவே விழுந்தது. தாளம் பிசகுவதற்கான தொலைவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே இருந்ததும் அதற்கு ஒரு காரணம். மறு ஆண்டே வழி கிடைத்தது: கே.டி.பி. போன்ற படிகத்தில் ஒளியின் வேகம் அது அதிரும் தளத்தையும் போகும் திசையையும் பொறுத்தது. சரியான கோணத்தில் படிகத்தைத் திருப்பினால் இரண்டு நிறமும் ஒரே வேகத்தில் போகும். யூரியாவுக்கும் இந்த வசதி உண்டு. கடைகளில் விற்ற பச்சை லேசர் விளக்குகளுக்குள்ளும் இப்படிக் கோணம் பார்த்து வெட்டிய ஒரு துணுக்குப் படிகம்தான் இருக்கிறது.

இனி உப்பின் பக்கத்துக்கு வருவோம். சமச்சீரான பொருட்கள் மின்புலத்துக்கு நேர்விகிதமாக மட்டும்தான் மறுமொழி தருமா? இல்லை. இருபடி உறுப்புதான் அற்றுப்போகிறது. முப்படி உறுப்பு உயிரோடு இருக்கிறது. கண்ணாடிக்கும் நீருக்கும் காற்றுக்கும்கூட அது உண்டு. லேசர் பிறப்பதற்கு 85 ஆண்டுகள் முன்பே, 1875-ல் கிளாஸ்கோவில் ஜான் கெர் அதைக் கண்டுவிட்டார். ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும், குறுக்கு நிலையில் வைத்த இரண்டு தளவிளைவிகளுக்கு நடுவே ஒரு திரவம். திரவத்துக்குள் இரண்டு உலோகத் தகடுகள். மின்னழுத்தம் இல்லாதவரை ஒளி கடக்காது. அழுத்தம் ஏற்றினால் திரவம் இரட்டை ஒளிவிலகல் கொண்ட படிகம் போல ஆகி ஒளி கசியும். விளைவு மின்புலத்தின் இருபடிக்கு ஏற்ப வளரும். மின்முனைகளை மாற்றிப் போட்டாலும் குறையாது. தகடுகளின் புலம் இருமுறை, ஒளியின் புலம் ஒருமுறை என மூன்று புலங்கள் பெருகி நிற்பதால் இது முப்படி வகை.

கெர் விளைவை மூலக்கூறின் உருவத்தை அறியும் கருவியாக மாற்றியதில் நம்மவர் பங்கு பெரிது. சி. வி. ராமன் 1888-ல் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவானைக்காவில் பிறந்தவர். கே. எஸ். கிருஷ்ணன் 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். இருவரும் சேர்ந்தது கல்கத்தாவின் பௌபஜார் தெருவில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில். அங்கே ஒரு புட்டித் திரவமும் சூரிய ஒளியும் கண்ணுமே முதன்மைக் கருவிகளாக ஒளிச்சிதறல் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மூலக்கூறு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி முனைவாகும் உருண்டையாக இருந்தால், செங்குத்துத் திசையில் சிதறும் ஒளி முழுக்க ஒரே தளத்தில் அதிர வேண்டும். உண்மையில் அப்படி இல்லை. மற்றத் தளத்திலும் ஒரு மிச்சம் கசிகிறது. அந்த மிச்சத்தின் அளவு, மூலக்கூறு எந்த அளவுக்கு உருண்டையிலிருந்து விலகியது என்பதைச் சொல்லிவிடும்.

அதே விலகல்தான் கெர் விளைவையும் உண்டாக்குகிறது. மின்புலம் நீள்வாட்டு மூலக்கூறுகளைத் தன் திசைக்குச் சற்றே திருப்புகிறது. வெப்ப அலைச்சல் அவற்றைக் கலைக்கிறது. இரண்டின் இழுபறியில் மிஞ்சும் சிறு சாய்வே இரட்டை ஒளிவிலகல். லாஞ்சவேன், போர்ன் ஆகியோரின் கோட்பாடு இதைச் சொல்லியிருந்தது. மூலக்கூறுகள் விலகி நிற்கும் வாயுக்களுக்கு ஏற்ற அந்தக் கணக்கை நெருக்கிப் பிடித்து நிற்கும் திரவங்களுக்கு அப்படியே நீட்ட முடியவில்லை. ராமனும் கிருஷ்ணனும் 1927-ல் வெளியிட்ட கட்டுரைகளில் காரணம் சொன்னார்கள்: திரவத்தில் ஒரு மூலக்கூறு உணரும் புலம் வெளியே நாம் தரும் புலம் மட்டுமல்ல, அண்டை மூலக்கூறுகள் உண்டாக்கும் புலமும் சேர்ந்தது. அந்த அண்டைப் புலம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்கும் என்று பழைய கணக்கு கொண்டிருந்தது. நீண்ட மூலக்கூறுக்குத் தலைப்பக்கத்து அண்டைவீட்டாரும் விலாப்பக்கத்து அண்டைவீட்டாரும் ஒரே தொலைவில் இருக்க முடியாதே! திசைக்குத் திசை மாறும் உள்புலத்தைக் கணக்கில் கொண்டுவந்தார்கள். ஒரு மூலக்கூறின் மறுமொழியை அதன் சுற்றத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்ற இந்த எண்ணம், பின்னாளில் நேரியலற்ற பொருட்களைத் தேடிய எல்லோருக்கும் முதற்பாடமாயிற்று. பாரா-நைட்ரோஅனிலின் கற்பித்ததும் ஒருவகையில் இதுதான்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். 1928 பிப்ரவரி 28-ல் இவர்கள் கண்ட ராமன் விளைவிலும் நிறம் மாறுகிறது. அதனால் அதையும் இந்த வகையில் சேர்த்துவிடுகிறார்கள். அது பிழை. சாதாரண ராமன் சிதறல் விழும் ஒளிக்கு நேர்விகிதமானது. மூலக்கூறின் அதிர்வுதான் நிறத்தை நகர்த்துகிறது, புலத்தின் வலிமை அல்ல. 1962-ல் லேசரோடு வந்த தூண்டிய ராமன் சிதறல்தான் முப்படிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

நேரியலற்ற ஆட்டம் ராமனுக்கு இன்னொரு வழியிலும் அறிமுகமாகியிருந்தது. 1921-ல் அவர் வீணையின் குதிரையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். தந்தியை மீட்டும் இடத்தில் எந்தச் சீரிசைக்கு அசைவற்ற புள்ளி அமைகிறதோ அது ஒலிக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. வீணையிலும் தம்புராவிலும் அது நன்றாகவே ஒலிக்கிறது. குதிரையின் மேற்பரப்பு வளைந்திருப்பதால் தந்தி கீழே வரும்போது அதன்மேல் படிந்து நீளம் குறைகிறது, மேலே போகும்போது விலகுகிறது. மேலும் கீழும் சமமில்லை. யூரியாவின் பச்சைக்கும் இந்த நாதத்துக்கும் அடிப்படைக் கணக்கு உறவுமுறையானது. தஞ்சையில் பலா மரத்தில் வீணை குடைந்தவர்கள் அந்த உறவைக் காதால் அறிந்திருந்தார்கள்.

தகடுகளின் மின்னழுத்தத்துக்குப் பதிலாக ஒளியே தன் புலத்தால் கெர் விளைவை உண்டாக்கும் என்று பக்கிங்காம் 1956-ல் கணித்தார். மேயரும் ஜீரேயும் 1964-ல் கண்டார்கள். இது ஒளியிழைக்குள் நடக்கும்போது துடிப்பு தானே தனக்குரிய ஒளிவிலகல் எண்ணை மாற்றிக்கொண்டு, பரவிச் சிதையாமல் உருக்குலையாத ஒற்றையலையாக ஓட முடியும். இரண்டு ஒற்றையலைகள் மோதும்போது தங்களுக்குள் ஒளியைப் பங்கு மாற்றிக்கொள்ள முடியும் என்று 1997-ல் காட்டிய ஆய்வு டெல்டாவின் தலைவாசலில் நடந்தது: திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் ஆர். ராதாகிருஷ்ணனும் எம். லட்சுமணனும், பின்லாந்தின் ஹியட்டாரின்டாவோடு சேர்ந்து. கண்ணாடி உப்பைப் போலவே இருபடியில் ஊமை. முப்படியில்தான் இவ்வளவு பேசுகிறது.

கடைசியாக அரிசி. 2005-ல் கை காக்ஸும் இரு போர்த்துக்கீசிய ஆய்வாளர்களும் தாவரத் திசுக்களை அகச்சிவப்புத் துடிப்பு லேசர் நுண்ணோக்கியில் பார்த்தபோது, எந்தச் சாயமும் ஏற்றாமலேயே மாவுச்சத்து மணிகள் சரிபாதி அலைநீளத்தில் பளிச்சிட்டன. செல்லுலோஸ் மங்கலாக, மாவுச்சத்து பிரகாசமாக. மாவுச்சத்தில் உள்ள அமைலோபெக்டின் சங்கிலிகள் இரட்டைத் திருகுகளாக முறுக்கி, மணியின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிக் கதிர் போல அடுக்கியிருக்கின்றன. திருகுக்குக் கைப்பக்கம் உண்டு. கண்ணாடிப் பிம்பத்தோடு அது பொருந்தாது. எனவே சமச்சீர் மையத்துக்கு இடமில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே விட்டமுள்ள நெல்லின் மாவுமணி, யூரியா செய்வதையே தன் அளவில் செய்கிறது.

நெல்லைப் புழுக்கினால் இந்த அடுக்கு குலையும். வெப்பமும் நீரும் ஏறி மாவுச்சத்து கஞ்சிப்பதமாகும்போது கதிர் ஒழுங்கு பெரும்பாலும் அழிகிறது. அதோடு இருபடிப் பளிச்சிடலும் மங்குகிறது. நெல் பதப்படுத்தும் ஆய்வுக்கென்று தொடங்கி இன்று தேசிய நிறுவனமாக வளர்ந்திருக்கும் அமைப்பு தஞ்சாவூரிலேயே இருக்கிறது. புழுங்கல் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதை ஆலைக்காரர்கள் மணியைக் கடித்தும் உடைத்துப் பார்த்தும், வேகாமல் மிஞ்சிய நடுவெள்ளையைக் கொண்டு சொல்கிறார்கள். ஒரே வயலில் விளைந்த பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் மெல்லிய சீவலாக வெட்டி அதே லேசரின்கீழ் அடுத்தடுத்து வைத்தால், புழுங்கலில் அந்த வெள்ளை மிஞ்சிய இடம் மட்டும் ஒளிர்வதைக் காணலாம்.